ஜெர்சியைக் கழற்றச் சொல்லும் நாள்

ஆரணி வட்டாரக் கல்லூரிகளில் இந்த வருஷம் உடற்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு எழுதுகிறேன். கோடு போடுவது, ஃபிக்சர் போடுவது, டி.ஏ. பில் எழுதுவது எல்லாம் ஒரு சீசனில் கைக்கு வந்துவிடும். அணியில் இருக்கும் பையன் வீட்டில் கை நீட்டினான் என்று புகார் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பி.பி.எட்., எம்.பி.எட். வகுப்பில் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. புகார் வரும். பெரும்பாலும் மண்டலப் போட்டிக்கு முந்தின வாரத்தில்தான் வரும். ஓய்வு பெற்றவனுக்கு எந்த நிர்வாகத்திடமும் பயம் இல்லை, அதனால் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்.

1. வந்தவரை முதலில் உட்கார வையுங்கள்.

காகிதத்தில் புகார் எழுதிக்கொண்டு யாரும் வருவதில்லை. கபடிப் பையன் ஒருவனின் தங்கை ஒரு நாள் விளையாட்டு அறை வாசலில் வந்து நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. ராட்டையில் தார் சுற்றுகிற கை அது. அண்ணன் பெயரைச் சொன்னாளே தவிர, அடித்தான் என்று வாயால் சொல்லவில்லை. "சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் அவனை ஹாஸ்டல்லயே வெச்சுக்க முடியுமா சார்? ஞாயித்துக்கிழமை பாவு பிணைக்கணும், கை சரியாகணும்" என்றாள். அவ்வளவுதான் புகார். தண்டனை பற்றி அவள் பேசவே இல்லை.

இப்படி வருகிறவரிடம் எப்போது, எங்கே, சாட்சி யார் என்று அடுக்கினால் அடுத்த முறை வரமாட்டார். கேட்க வேண்டியவை இரண்டுதான். இன்று ராத்திரி அந்த வீட்டில் இருப்பது பயமில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? ஒரு பெண் ஆசிரியரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் "விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் விபத்துப் பதிவேட்டில் அப்படித்தான் ஏறும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. உள்ளதைச் சொல்லி, ஏ.ஆர். நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 181 மகளிர் உதவி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு குறித்து, அன்றைக்கே முதல்வர் கையில் கொடுத்துவிடுங்கள்.

2. விசாரணை உங்கள் வேலை இல்லை.

பையனைக் கூப்பிட்டு "உண்மையைச் சொல்லுடா" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நீங்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்பீர்கள். ஆனால் உங்களிடம் அழுது ஒரு கதை சொல்லிவிட்டால் பிறகு அந்தக் கதைக்கு நீங்களே காவல்காரர் ஆகிவிடுவீர்கள். வருஷக்கணக்கில் வளர்த்த ரைடர் அவன், நம் கண்ணுக்கு நல்லவனாகத்தான் தெரிவான்.

அமெரிக்காவில் டெக்சாஸில் பெய்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கால்பந்து வீரர்கள் மீது பாலியல் வன்முறை, துணையை அடித்தது என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை வைத்து விசாரித்தார்கள். 2016 மே மாதம் முடிவுகள் வெளியாயின. கால்பந்துத் துறையைச் சேர்ந்தவர்கள் சில சமயம் புகார் சொன்ன பெண்ணையோ பெற்றோரையோ தாங்களே நேரில் சந்தித்துப் பேசிவிட்டு, விஷயத்தை மேலே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது அதில் ஒரு முடிவு. பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் பதவி போயிற்று. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கென் ஸ்டாரையும், கிளின்டனை விசாரித்தாரே அதே ஸ்டார்தான், தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் செய்ததை நம் ஊர் பாஷையில் சொன்னால், "நான் பேசி முடிச்சிட்டேன் சார்."

3. பேசி முடிக்கப் போகாதீர்கள்.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் ஊர்த் தொழில். ஆரணிப் பக்கத்தில் பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் பக்கத்திலிருந்து கரை நாடாவைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் அம்மாவாகவோ, தங்கையாகவோ, வந்த மருமகளாகவோ இருப்பார். அடித்தவனும் அடிபட்டவளும் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரே தறிக்கு வந்தாக வேண்டும். அவள் கோபித்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனால் தறி நின்றுவிடும். சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. முதலாளியிடம் வாங்கின முன்பணம் ஏற்கெனவே கழுத்தளவு இருக்கும்.

ஆகவே புகார் வெளியே வந்ததும் தெருவே சமரசத்துக்கு வந்து நிற்கும். அப்பாவுக்குத் தறி ஓட வேண்டும். முதலாளிக்குக் கல்யாண சீசனுக்குச் சேலை வேண்டும். கல்லூரிக்குக் கோப்பை வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் திண்ணையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கூட்டத்தில் கல்லூரி மாஸ்டரும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், அவள் மேல் விழும் பாரத்தில் நம் கல்லூரியின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

அங்கே நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "ஃபார்ம் 3 கிடைக்கிற நேரம்மா, கேஸ்னு வந்தா போலீஸ் வெரிஃபிகேஷன்ல போயிடும், தம்பி வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு." பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடி அந்தப் படிவத்தை வாங்கினால் மாநில அரசின் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது துருப்புச் சீட்டு என்பது உண்மைதான். பட்டுக்கூலியில் வளர்ந்த வீட்டுக்கு அரசு வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் கை செய்த காரியத்துக்கு அவள் வாயைப் பொறுப்பாக்குகிற அந்த வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

அவளே சமாதானமாகப் போக விரும்பினால் அது அவள் முடிவு. அதற்கும் ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கட்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டம் அது. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாள் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. "பையனுக்குக் கல்யாணமே ஆகலையே" என்று சொல்லாதீர்கள்.

கல்லூரி வயதில் வருகிற புகாரில் மனைவியைவிடத் தங்கையும் அம்மாவும்தான் அதிகம் என்பது என் அனுபவம். தங்கை யாரோடோ போனில் பேசினாள் என்று ஒருவன் அடிப்பான். ஷூ வாங்கப் பணம் தரவில்லை என்று இன்னொருவன் அம்மாவைத் தள்ளுவான். இதெல்லாம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, அண்ணி எல்லாரும் இதில் மனு போடலாம். எதிர்த்தரப்பு வயது வந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்ததை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு, கணவனுக்கும் அவன் உறவினருக்கும்தான். ஸ்டேஷனில் யாராவது "498 இதுக்குச் செல்லாதும்மா" என்று சொன்னால் அது சரி. அதற்காகச் சட்டமே இல்லை என்று அவள் திரும்பி வரவேண்டியதில்லை.

2005 சட்டத்தில் நமக்கு முக்கியமான இடங்கள் சில உண்டு. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் பொறுப்பு வராது. நம் மாவட்டத்தில் அதற்குத் திருவண்ணாமலை மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுக வேண்டும். மனு போட்டால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதித்துறை நடுவர் பாதுகாப்பு உத்தரவு போட்டால், அவள் வேலை செய்யும் இடத்துக்கோ படிக்கும் இடத்துக்கோ அவன் போகக்கூடாது என்றும் அதில் இருக்கலாம். அவள் உங்கள் கல்லூரி மாணவியாகவோ கேன்டீனில் வேலை செய்பவராகவோ இருந்தால் உங்கள் பயிற்சி நேரமே அந்த உத்தரவுக்குள் வந்துவிடும். மீறினால் ஓராண்டு வரை சிறை. உத்தரவு இருக்கிறதா என்று முதல்வர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காதலித்த பெண் என்றால் வேறு வழி. சேர்ந்து வாழாத உறவு இந்தச் சட்டத்தில் நிற்காது. கோயம்புத்தூரிலிருந்து போன வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் திருமணம் போன்ற உறவுக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டது. ஆனால் அடித்தால் அடிதான், மிரட்டினால் மிரட்டல்தான், அதற்குப் பொதுவான குற்றப் பிரிவுகள் இருக்கின்றன. அவள் அதே கல்லூரி மாணவி, விஷயம் பாலியல் தொல்லை என்றால் யு.ஜி.சி.யின் 2015 விதிப்படி உள் புகார்க் குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்ணுக்குப் 18 ஆகவில்லை, பாலியல் குற்றம் என்றால் யோசிக்கவே இடமில்லை. போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098-க்குப் போன் செய்யுங்கள்.

5. காவல் நிலையக் காகிதத்தை அளவுகோலாக வைக்காதீர்கள்.

"எஃப்.ஐ.ஆர். போட்டாத்தான் பார்க்கணும் சார்" என்று நிர்வாகம் சொல்லும். ஆரணி அனைத்து மகளிர் காவல் நிலையமோ வேறெதுவோ, குடும்ப விஷயம் என்று போனால் பெரும்பாலும் முதலில் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., பிறகு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு ஆலோசனை என்றுதான் நடக்கும். கைது ஆகவில்லை என்பதும் ஒன்றும் சொல்லாது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதாகாதவன் யோக்கியன் என்றும் கைதானவன் குற்றவாளி என்றும் நாம் கணக்குப் போட்டால் இரண்டும் தப்பாகப் போகும்.

6. வகுப்பு அவன் உரிமை, ஜெர்சி அப்படி இல்லை.

பாதிக்கப்பட்டவரே நேரில் சொல்லியிருந்தாலோ, மருத்துவமனைப் பதிவு இருந்தாலோ, காவல் நிலையம் அல்லது நீதிமன்றத்தின் ஏதாவது ஒரு காகிதம் இருந்தாலோ, அன்றைக்கே அவன் அணிக்கு வெளியே. போட்டி கிடையாது, பயணம் கிடையாது. டீக்கடைப் பேச்சு மட்டும் என்றால் வெளியே வைக்கவே கூடாது, ஒரு பையன் பெயரை அப்படிக் கெடுக்கக்கூடாது. வெளியே வைப்பது தண்டனை இல்லை என்பதை அவனிடமும் அவன் அப்பாவிடமும் எழுத்திலேயே கொடுங்கள்.

இந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். முதல்வர், ஒரு மூத்த பெண் ஆசிரியர், விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறைத்தலைவர் என்று மூன்று பேர் உட்காரட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மறுபடி பார்க்கட்டும். அவன் இல்லாவிட்டால் தோற்றுப்போவோம் என்று தெரிந்தவர் அந்த மேஜையில் இருக்கவே கூடாது, அதாவது நீங்களும் நானும்.

அமெரிக்க பேஸ்பால் லீக் 2015 ஆகஸ்டில் வீரர்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு ஒரு முறையைக் கொண்டுவந்தது. புகார் வந்தால் ஏழு நாள் வரை சம்பளத்தோடு விடுப்பில் வைக்கலாம், அதற்குள் விசாரிக்கலாம், தேவையானால் நீட்டிக்கலாம். நீதிமன்றத்தில் தண்டனை வராவிட்டாலும் லீக் தன் அளவில் நடவடிக்கை எடுக்கலாம். சம்பளத்தோடு என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். முதல் நாளே வயிற்றில் அடித்தால் வீட்டில் இருப்பவள்தான் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதிலேயே ஒன்று: கோபத்தில் ஹாஸ்டலை விட்டுத் துரத்தாதீர்கள். நல்ல கல்லூரிகளே இதைச் செய்கின்றன, பத்திரிகைக்குச் சொல்லவும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹாஸ்டலை விட்டுப் போகிறவன் எங்கே போவான்? ராத்திரி பஸ் ஏறி அதே வீட்டுக்குத்தான் போவான், அவமானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. அந்தத் தங்கை என்னிடம் ஹாஸ்டலைக் கேட்டதை மறக்காதீர்கள். வகுப்பு, தேர்வு, சாப்பாடு, கட்டில் இருக்கட்டும். உடற்பயிற்சி தனியாக, வேறு நேரத்தில் செய்யட்டும். வெள்ளைக் கோட்டுக்குள் மட்டும் வரவேண்டாம்.

7. அவன் கேப்டனாக இருந்தால் முதலில் அதை எடுங்கள். இதற்குக் குழுவெல்லாம் கூட வேண்டியதில்லை. புகார் நிலுவையில் இருக்கும்போது ஜூனியர் பையன்களை வரிசையில் நிறுத்தும் அதிகாரம் அவனிடம் இருந்தால், யார் பக்கம் என்று அணி இரண்டாகும்.

8. சரியான கேள்வியைக் கேளுங்கள்.

கிரிக்கெட் வீரர் முகமது ஷமி விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். 2018 மார்ச்சில் மனைவி ஹசின் ஜஹான் அடி, கொடுமை, வேறு பெண்களோடு தொடர்பு என்று குற்றம் சாட்டினார், கொல்கத்தாவில் வழக்குப் பதிவானது. ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். அதே வாரம் வெளியான ஒப்பந்தப் பட்டியலில் கிரிக்கெட் வாரியம் அவர் பெயரை நிறுத்தி வைத்தது. சபாஷ் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வாரியம் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் நீரஜ் குமாரை வைத்து விசாரித்தது, அந்தப் புகார்களோடு வந்த சூதாட்டப் பணம் பற்றிய பேச்சை மட்டும். அதில் ஒன்றும் இல்லை என்றதும் அதே மாதம் 22-ஆம் தேதி 3 கோடி ரூபாய் 'பி' நிலை ஒப்பந்தம் வந்துவிட்டது. வீட்டில் நடந்ததாகச் சொல்லப்பட்டதை விளையாட்டு அமைப்பு என்ற முறையில் யாரும் விசாரிக்கவில்லை. அவர் பந்து வீசினார், நாமும் கை தட்டினோம்.

அவர் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வழக்கு எவ்வளவு காலம் ஓடுகிறது பாருங்கள். 2025 ஜூலையில்தான் கல்கத்தா உயர் நீதிமன்றம் இடைக்கால ஜீவனாம்சமாக மனைவிக்கு மாதம் ஒன்றரை லட்சம், மகளுக்கு இரண்டரை லட்சம் என்று உத்தரவிட்டது. ஏழு வருஷம் கழித்து, அதுவும் இடைக்காலம். நம் பையனின் கல்லூரிக் காலம் மூன்று வருஷம். "கோர்ட் தீர்ப்பு வரட்டும்" என்று நிர்வாகம் சொன்னால் அவன் பட்டம் வாங்கிப் போய்ப் பிள்ளை பெற்றுவிடுவான் என்று சொல்லுங்கள். கோர்ட் கேட்பது குற்றம் நிரூபணமானதா என்று. கல்லூரி கேட்க வேண்டியது, இப்போது இவனுக்கு நம் பெயர் போட்ட சட்டையைக் கொடுக்கலாமா என்று. அதற்கு இவ்வளவு காலம் தேவைப்படாது.

9. உங்கள் பெண்கள் அணியையும் பாருங்கள்.

மே மாத வெயிலில் முழுக்கை போட்டு வருகிறவளை, போட்டி முடிந்ததும் போனைப் பார்த்துப் பார்த்து முகம் வெளுக்கிறவளைக் கவனியுங்கள். உடம்பில் வலு இருக்கிறவளுக்கு வீட்டில் அடி விழாது என்று நினைப்பது பேதைமை. சவீட்டி பூரா 2023-இல் டெல்லியில் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் ஆனவர். கணவர் தீபக் ஹூடா இந்தியக் கபடி அணிக்குக் கேப்டனாக இருந்தவர். 2025 பிப்ரவரியில் வரதட்சணைக் கொடுமை, அடி என்று சவீட்டி கொடுத்த புகாரில் ஹிசாரில் வழக்குப் பதிவானது. கணவர் மறுத்ததோடு தன் பக்கத்திலிருந்தும் புகார் கொடுத்தார். அடுத்த மாதம் காவல் நிலையத்தில் மனைவி கணவர்மேல் பாய்ந்து பிடிக்கும் காணொளி வெளியானது. உடனே ஊரே தீர்ப்பு எழுதியது, "இவளா அடி வாங்கினவ?" என்று.

அந்தக் காணொளி அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டுகிறது, வீட்டுக்குள் முன்னால் என்ன நடந்தது என்று அதில் இல்லை. இரண்டு புகார் வந்தால் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் உங்கள் மாணவர்கள் என்றால் இருவருக்கும் ஒரே விதி. ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கழித்து, சரிக்குச் சரி என்று மூடிவிடாதீர்கள்.

10. விதியை ஜூன் மாதத்திலேயே எழுதுங்கள்.

அணித் தேர்வுக்கு முன்பே, ஒரே பக்கத்தில், தமிழில், பெற்றோர் கையெழுத்தோடு. புகார் வந்த பிறகு எழுதுகிற விதி அந்த ஆளுக்காக எழுதினதாகத்தான் இருக்கும். ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 2014 பிப்ரவரியில் ஒரு சூதாட்ட விடுதி லிஃப்டில் தன் வருங்கால மனைவியை அடித்துச் சாய்த்தார். கால்பந்து லீக் முதலில் கொடுத்தது இரண்டு ஆட்டத் தடை. ஊர் கொதித்ததும் ஆகஸ்டில் இனி ஆறு ஆட்டம் என்று விதியை மாற்றினார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி லிஃப்டுக்குள் எடுத்த காணொளி வெளியே வந்தது. அன்றைக்கே அணி அவரை நீக்கியது, லீக் காலவரையற்ற தடை போட்டது. நவம்பரில் நடுவராக இருந்த முன்னாள் நீதிபதி, ஒரே செயலுக்கு இரண்டாம் தடவை தண்டிக்க முடியாது என்று அந்தத் தடையை ரத்து செய்தார். லீக்குக்கு அந்த அடி பிப்ரவரியிலேயே தெரியும். செப்டம்பரில் புதிதாக வந்தது பார்வையாளர்கள்தான். நமக்கு அவ்வளவு பெரிய வக்கீல்கள் கிடையாது, ஒரு பக்கக் காகிதமாவது இருக்கட்டும்.

11. அணி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. அவள் பெயரோ தெருவோ போட்டோவோ வந்தால் போட்டவனும் வெளியே. இதில் எச்சரிக்கை கிடையாது.

12. நம் கையை நாமே பார்த்துக்கொள்வோம்.

சீனியர்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். லேட்டாக வந்தால் பிரம்பு, பாயின்ட் விட்டால் கன்னத்தில் ஒன்று, "பாசத்தில அடிச்சேன்டா" என்று பிறகு பரோட்டா வாங்கிக் கொடுப்பது. இப்படி வளர்ந்த பையன் வீட்டுக்குப் போய்த் தங்கையிடமும் இதே வரிசையில் நடந்துகொள்கிறான். முதலில் அடி, பிறகு பாசம், அதற்குப் பிறகு தின்பண்டம். அவனை விசாரிக்கக் குழு போடும் கல்லூரி, மைதானத்தில் ஓங்குகிற கையைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தால் அந்தக் குழுவுக்கு என்ன மரியாதை? புதிதாக வந்திருக்கும் நீங்கள் பிரம்பை வாங்கவே வாங்காதீர்கள்.

13. வெளியே இருக்கிற பையனிடம் பேச ஒருவர் வேண்டும்.

அது நீங்களாக இருக்கலாம், ஆனால் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. குடிக்கிறானா, தூங்குகிறானா, வகுப்புக்குப் போகிறானா என்று பாருங்கள். நாலு மாசம் ஆட்டம் இல்லாமல் இருக்கிற விளையாட்டுக்காரன் அந்த நாலு மாசத்தில் எதுவாகவும் ஆகலாம்.

புகார் நிற்கவில்லை என்றால் எப்படி வெளியே வைத்தீர்களோ அப்படியே திரும்பச் சேருங்கள், எழுத்தில், எல்லார் முன்னாலும். இலங்கையின் தனுஷ்க குணதிலக்க வழக்கைப் பாருங்கள். அது வீட்டு வன்முறை இல்லை, பாலியல் குற்றச்சாட்டு. 2022 நவம்பரில் டி20 உலகக் கோப்பை நடக்கும்போதே சிட்னியில் கைதானார். இலங்கை கிரிக்கெட் உடனே எல்லா வகை ஆட்டத்திலிருந்தும் நிறுத்தியது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் குற்றவாளி அல்ல என்றது, அடுத்த மாதமே தடையை விலக்கினார்கள். நிறுத்தியதும் சரி, விலக்கியதும் சரி. நம் கல்லூரிகளில் நிறுத்தும்போது சுற்றறிக்கை வரும், விலக்கும்போது "வந்து ஆடுடா" என்று வாய்ச்சொல்தான். அந்தப் பையன் காலம் பூராவும் பாதி குற்றவாளியாகவே திரிவான்.

புகார் உண்மைதான் என்று குழு கண்டால்? அந்தப் பருவம் முழுக்க ஆட்டம் இல்லை என்பது என் கணக்கு. கடுமையான காயம், மறுபடி மறுபடி அடித்தது, உத்தரவை மீறியது என்றால் அவன் கல்லூரி வாழ்க்கையில் இனி அணி இல்லை. கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டு அவள் காலில் விழுந்தான் என்பதால் குறைக்காதீர்கள். அப்படி விழுவதை ஏற்பாடு செய்வதே அவள்மேல் போடும் இன்னொரு பாரம்.

14. பக்கத்துக் கல்லூரியிலிருந்து போன் வரும்.

நீங்கள் வெளியே வைத்த பையன் சும்மா இருக்கமாட்டான். நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் வேலூரிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ ஒருவர் வந்து ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம் என்று அழைத்துப் போவார். டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் நம் அலுவலகம் வழக்கம்போல் 'நன்று' என்று எழுதிக் கொடுக்கும். பல்கலைக்கழகப் போட்டித் தகுதிப் படிவம் கேட்பது வயது, சேர்ந்த வருஷம், தேர்ச்சி இவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. காதலியைத் தாக்கிய புகாரில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் நீக்கிய கால்பந்து வீரரை அலபாமா சேர்த்துக்கொண்டது. 2015 மார்ச்சில் அங்கேயும் அதே மாதிரிப் புகாரில் கைதானார், அந்தப் பெண் பிறகு புகாரைத் திரும்பப் பெற்றார். அந்த மே மாதமே தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, குடும்ப வன்முறை போன்ற கடும் குற்றத்துக்காக ஓரிடத்தில் நீக்கப்பட்டவரை இன்னொரு உறுப்புக் கல்லூரி சேர்க்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. நம் பல்கலைக்கழக விளையாட்டுக் குழுக்கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானம் வர வேண்டும், புதியவர்கள் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அதுவரை, அந்த மாஸ்டர் போன் செய்து "பையன் எப்படி சார்?" என்று கேட்பார். "நல்ல ரைடர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். வதந்தி எதையும் சேர்க்காமல், அவள் பெயரைச் சொல்லாமல், இன்ன தேதியில் இன்ன புகாரின் பேரில் குழு இன்ன முடிவு எடுத்தது என்று மட்டும் சொல்லுங்கள். நகல் வேண்டுமென்றால் முதல்வருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சேர்த்தால் அது தெரிந்தே சேர்த்ததாகட்டும்.